என் பதினோரு நாள் எங்கே?

அந்தத் தாளின்படி எனக்குக் குணமாகிவிட்டது. வழவழப்பான தாள், பச்சை எழுத்து, மேலே பல் தெரியச் சிரிக்கிற ஒரு பெண்ணின் படம். புதிய மருந்தைச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோருக்கு மூட்டு வலியும் வீக்கமும் நன்றாகக் குறைந்தன என்று போட்டிருந்தது. அந்தப் பெரும்பாலானோரில் நானும் ஒருத்தி. அவர்கள் கணக்கில் நான் குணமாகி நடமாடிக்கொண்டிருந்த நாட்களில், உண்மையில் நான் கண்ணெல்லாம் மஞ்சளாகி, குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்துக்கொண்டு, அந்தத் தாளைக் கொடுத்த மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் படுத்துக் கிடந்தேன். இப்போது ஈரல் தேறிவிட்டது. கோபம் தேறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. வீடு மதுரை ஆனையூரில். பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம், ஆகவே பேச்சில் கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வீடு வீடாகப் போய் மின் மீட்டரைப் பார்த்துக் கணக்கெடுப்பது என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை படி ஏறுவேன், எத்தனை நாயிடம் தப்பிப்பேன் என்று நானே எண்ணியதில்லை. அப்படிப்பட்ட கால், ஐம்பது வயதில் ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றது. விரல்கள் மடங்கவில்லை. பிரஷைப் பிடிக்க முடியாமல் வாஷ்பேசின் முன்னால் நின்று அழுதேன்.

"வயசாகுதுல்ல புள்ள, அம்புட்டுத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர் முருகேசன். அவர் வாட்டர் பம்ப் மெக்கானிக். எது ரிப்பேரானாலும் வாஷர் தேய்ந்ததுதான் காரணம் என்பார்.

நானும் அப்படியே நம்பி மூன்று மாதம் தைலம் தேய்த்தேன். ஒரு நாள் மூன்றாவது மாடி வீடு ஒன்று. முட்டி வீங்கிப் பந்தாகக் கிடந்தது. கீழே நின்றபடியே அந்த வீட்டுக்கு 'டோர் லாக்' என்று போட்டுவிட்டேன். வீடு பூட்டியிருந்தால் நாங்கள் அப்படித்தான் போடுவோம். மீட்டரைப் பார்க்காததால், போன தடவை எவ்வளவோ அதையே இந்தத் தடவைக்கும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த வீடு பூட்டியிருக்கவில்லை. டி.வி. சத்தம் கீழே வரை கேட்டது. அந்த வீட்டம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, நான் குத்துக்கல்லாட்டம் இங்கதான இருக்கேன், படியேற வலிக்குதா ஒனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தினார். வலித்தது, அதுதான் உண்மை. அன்று சாயங்காலமே டாக்டரிடம் போனேன்.

கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். ரத்தம் எடுத்தார்கள், இரண்டு கையையும் படம் எடுத்தார்கள். முடக்குவாதம் என்றார் டாக்டர். நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நம் மூட்டுகளைத் தாக்குகிற நோய். முதலில் கொடுத்த மாத்திரைகள் அரைகுறையாகக் கேட்டன. அப்போதுதான் அவர் புதிய மருந்து ஒன்றின் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஆறு மாதம். பாதிப் பேருக்குப் புதிய மருந்து, பாதிப் பேருக்கு வழக்கமான மருந்து. யாருக்கு எது என்று முடியும்வரை டாக்டருக்கே தெரியாது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

"எலி மாதிரி வச்சுப் பாப்பாகளோ?" என்று முருகேசன் என் காதுக்குள் கேட்டார். டாக்டர் காதிலும் விழுந்துவிட்டது.

"இல்லண்ணே, எந்த நேரமும் வேணாம்னு விலகிக்கலாம்" என்றார் அவர்.

இருபது பக்க ஒப்புதல் படிவம். அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆய்வு அறை தரைத் தளத்தில். வெளியே இரும்பு நாற்காலி வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்போம். அங்கேதான் சாந்தாபாய் அக்கா பழக்கமானார். திருப்பரங்குன்றத்தில் வீட்டிலேயே புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பவர். மகளோடு போனில் அவர்கள் சௌராஷ்டிர பாஷையில் கடகடவென்று பேசுவார், என் பக்கம் திரும்பினால் சுத்த மதுரைத் தமிழ். அவருக்கும் இதே நோய், விரல்தான் அவர் பிழைப்பு. "ஊசில நூல் கோக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கு ராணி. அவ வர்றதுக்குள்ள எனக்கு எதுக்குக் கோக்கணும்னே மறந்து போகுது" என்று சிரிப்பார். கண்ணில் மட்டும் சிரிப்பு இருக்காது.

உள்ளே போனால் பிரியா என்ற பெண் இருப்பாள். ஆய்வின் காகித வேலையெல்லாம் அவள்தான். டாக்டர் இருபத்தெட்டு மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கி எத்தனை வீக்கம், எத்தனை வலி என்று எண்ணுவார். ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தி வைத்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அடியில் படிகிறது என்று பார்ப்பார்கள். உள்ளே வீக்கம் அதிகமென்றால் சீக்கிரம் படியுமாம். கடைசியில் ஒரு கோடு போட்ட தாள். இந்த முனை வலியே இல்லை, அந்த முனை தாங்க முடியாத வலி, நடுவில் எங்கே என்று நாமே ஒரு குறி போட வேண்டும்.

மாதத்தில் ஒரு நாள் வலியைக் கேட்டு என்ன தெரியும் என்று எனக்கு அப்போதே இருந்தது. கணக்கெடுக்கிற புத்தி சும்மா இருக்குமா? மீட்டர் பக்கத்தில் தொங்குமே வெள்ளை அட்டை, அதே மாதிரி கட்டம் போட்டு ஒரு அட்டை செய்துகொண்டேன். தினமும் காலையில் எழுந்ததிலிருந்து பிரஷைப் பிடிக்கும்வரை எத்தனை நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் பழக்கதோஷத்தில் ஒரு கையெழுத்தும் போடுவேன். "ஒன் வலிக்கு நீயே கரண்ட் பில்லு போடுறியாக்கும்" என்று முருகேசன் கிண்டல் செய்தார்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். மருந்து கேட்டது. முதல் நாள் தொண்ணூறு நிமிடம். எட்டாவது வாரம் நாற்பது. பன்னிரண்டாவது வாரம் பத்தே நிமிடம். அதுவரை எனக்குத் தலை பின்னிவிட்டவர் முருகேசன்தான். வகிடு கோணலாக எடுத்து, பின்னலைப் பம்புக்குக் கயிறு கட்டுவது போல இறுக்கி முடிச்சுப் போடுவார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பன்னிரண்டாவது வார விசிட்டுக்கு நானே தலை பின்னிக்கொண்டு போனேன். டாக்டர் எண்ணிப் பார்த்து, "ஒரே ஒரு மூட்டுதான் வீக்கம், சபாஷ்" என்றார். அன்றைய ரத்தப் பரிசோதனையில் ஈரலும் நன்றாகவே இருந்தது. அந்த மருந்தைக் கண்டுபிடித்தவன் நூறாண்டு இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினேன்.

பதினைந்தாவது வாரம் சோற்று வாசனை குமட்டியது. பித்தம் என்று நினைத்தேன். மறுநாள் முருகேசன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ புள்ள, கண்ணு என்ன மஞ்சத்தண்ணி மாதிரி இருக்கு?" என்றார். ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார். எஸ்.ஜி.பி.டி. என்று ஒரு பரிசோதனை. ஈரலில் அடிபட்டால் அதற்குள் இருக்கும் சரக்கு ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிகிறது என்பதுதான் அந்த எண். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சிரிக்கவே இல்லை. ஆய்வு மாத்திரையை உடனே நிறுத்தி, மேலே இரண்டாவது மாடி வார்டுக்கு அனுப்பினார்.

முதல் இரண்டு நாள் எனக்கு நினைவே இல்லை. உளறினேனாம். மூன்றாம் நாள் முழித்தபோது இரண்டு கையிலும் ஊசி, உடம்பு பூராவும் அரிப்பு. மஞ்சள் காமாலையில் பித்தம் தோலுக்குள் ஏறிவிடுமாம், சொரிந்தாலும் அடங்காத அரிப்பு. முருகேசன் சீப்பின் பின்பக்கத்தால் மெதுவாக முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டேன். "எனக்கென்ன பயம்" என்றவர் வராண்டாவில் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். செத்துப் போய்விடுவேனோ என்று அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

நான்காம் நாள் பதினாறாவது வார விசிட். எனக்கு ஞாபகம் இருந்தது.

"சிஸ்டர், இன்னைக்குக் கீழ எனக்கு விசிட்டு. நான் மேல இருக்கேன்னு அந்தப் பிரியா பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அவர் போனில் பேசிவிட்டு வந்தார். "மருந்தை நிப்பாட்டியாச்சுல்லம்மா, இனி விசிட் தேவையில்லையாம். ரெஸ்ட் எடுங்க."

"நல்லதாப் போச்சு, ஒரு டியூப் ரத்தம் மிச்சம்" என்றார் முருகேசன். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஈரல் மெல்லத் தேறியது. மருந்து நின்றதால் மூட்டுகள் பழையபடி வீங்கின. இருபதாவது வாரம் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. இருபத்து நான்காவது வாரம் என் அட்டையில் நூற்றுப் பத்து நிமிடம். கோணல் வகிடு திரும்பி வந்தது. கீழ் அறையிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

ஆய்வு முடிந்த பிறகு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவமனை ஹாலில் எல்லோருக்கும் டீ, வடை, அந்தப் பச்சைத் தாள். எனக்குக் கிடைத்தது புதிய மருந்து, சாந்தாபாய் அக்காவுக்குப் பழையது என்று அன்றுதான் சொன்னார்கள். பழையதைச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்த மாதம் முதல் புதியது தரப்போகிறார்களாம். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் தாளைக் கடைசிவரை படித்தேன். அடியில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் ஒரு வரி: நடுவில் வராமல் போனவர்களுக்கு, கடைசியாக வந்தபோது இருந்த அளவே இறுதி அளவாகக் கொள்ளப்பட்டது.

இரண்டு தடவை படித்தேன். எழுந்து நின்றேன்.

"டாக்டர், அப்ப என்னோட கடைசி அளவு எது?"

பிரியா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தயங்கினாள். "பன்னிரண்டாவது வாரம் ஆன்ட்டி. நல்ல முன்னேற்றம்னு இருக்கு."

"அடப் பாவிகளா! ஒரு வீக்கம்னு எழுதுன அன்னைக்கோட நின்னு போச்சா என் கணக்கு? இங்க பாருங்க என் கைய. இது முன்னேற்றமா?"

"இது ரொம்ப நாளா இருக்கிற முறைம்மா" என்றார் டாக்டர். "உங்க ஈரல் விஷயத்தை நாங்க மறைக்கலை. அது பாதுகாப்பு அறிக்கையில போயிருக்கு. செலவையும் நாங்களே ஏத்துக்கிட்டோமே."

"காசைப் பத்தி நான் வாயே தொறக்கலையே! ஒரு தாள்ல எனக்குக் கொணம், இன்னொரு தாள்ல எனக்குக் காமாலை. ஒடம்பு ஒண்ணுதான டாக்டர்? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாகன்னு கேட்டிருக்கேன். நீங்க முழு மனுஷியவே மறைச்சிட்டீக. எங்க வேலைல இதுக்குப் பேரு டோர் லாக்கு. ஆனா நாங்க அடுத்த தடவை போய் மீட்டரப் பாத்தா உண்மை வெளிய வந்துரும். நீங்க அடுத்த தடவையே இல்லாம கணக்கை முடிச்சிட்டீகளே!"

சாந்தாபாய் அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து வெளியே கூட்டி வந்தார். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவருக்கும் கோபம், ஆனால் என் மேல்.

"உனக்கு ஒத்துக்கலைன்னா எனக்கும் ஒத்துக்காதா? மூணு மாசமாவது உன் கை மடங்குச்சுல்ல? என் கையைப் பாரு ராணி. நீ கத்தி இந்த மருந்தையே நிறுத்திப்புட்டா நான் எங்க போறது?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"நிறுத்தச் சொல்லலக்கா. சாப்பிடுங்க. எனக்கு நடந்ததையும் தெரிஞ்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. அந்தத் தாளப் படிச்சா ஒங்களுக்கு என்ன தெரியும், எல்லாரும் ஓடியாடித் திரியிறாகன்னுதான? அதத்தேன் சொல்றேன்."

அவர் பஸ் ஏறிவிட்டார். அவர் அந்த மாத்திரையை வாயில் போடுவதற்குள் என் பதினோரு நாள் அந்தத் தாளில் ஏற வேண்டும். ஒரு மாதம்தான் இருந்தது.

ஒப்புதல் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், குறை இருந்தால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம் என்று போட்டிருந்தது. ஆய்வில் நோயாளிக்கு அநியாயம் நடக்கிறதா என்று பார்க்கிற குழு. நான் சொல்லச் சொல்ல முருகேசன் எழுதினார். நடுவில் இரண்டு இடத்தில், "இந்த வார்த்தைய எழுத முடியாது புள்ள, போலீஸ் பிடிச்சிரும்" என்று மாற்றிவிட்டார். மூன்றாவது வாரம் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை, நீள மேசை, ஐந்து பேர். டாக்டரும் பிரியாவும் ஓரத்தில்.

"உங்களுக்கு என்னம்மா வேணும்? நஷ்டஈடா?" என்றார் தலைவர்.

"என் பதினோரு நாள் வேணும் சார். அத எழுதுங்க" என்றேன்.

அவர்களில் ஒரு பெண், கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். என் அட்டையை வாங்கி வரி வரியாகப் பார்த்தார்.

"இங்க ரெண்டு கட்டம் காலியா இருக்கே?"

"நெனவில்லாமக் கெடந்தேன்மா. தெரியாததை எப்படி எழுதுறது?"

"முந்தின நாள் நம்பரைப் போட்டிருக்கலாமே?"

"அது பொய்யில்ல? ஒரு தடவை வேலைல அப்படிச் செஞ்சு தெருவே பாக்க வாங்கிக் கட்டிக்கிட்டவ நான்."

அவர் நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். "இவங்க இருந்த வார்டு எந்த மாடி?"

"ரெண்டாவது."

"உங்க ஆய்வு அறை?"

"தரைத் தளம்."

"லிஃப்ட் இருக்கா?"

டாக்டர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். "இருக்கு" என்றார்.

அந்தப் பெண் எனக்கும் புரிகிற மாதிரியே பேசினார். மருந்தை நிறுத்திவிட்டாலும் ஆளை விடக் கூடாது, கடைசி வாரம்வரை அளந்திருக்க வேண்டும். ஒவ்வொருவரும் வந்த அத்தனை விசிட்டையும் கணக்கில் எடுத்து, ஏறினார்களா இறங்கினார்களா என்று அந்தப் போக்கையே பார்க்கிற முறைகள் இருக்கின்றன. காலியான கட்டத்தில் ஒரு நல்ல எண்ணைத் தூக்கி வைப்பது கணக்கு இல்லை. "வராமப் போனவங்க ஏன் வரலைங்கிறதே ஒரு தகவல் சார். அதைத்தான் நாம முதல்ல தூக்கிப் போட்டிருக்கோம்" என்று தலைவரிடம் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளில் என் பேச்சைப் புத்தி கெட்டவள் பேச்சாக நினைக்காத முதல் ஆள்.

குழு சொன்னபடி, வராமல் போன எல்லோருக்கும் பிரியா போன் செய்தாள். பெயர் சொல்லாமல் பிறகு என்னிடம் சொன்னாள். ஒருவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ஒருவர் வேலைக்காக ஊர் மாறிவிட்டார். மற்றவர்களில் பலர் கை மறுபடி வீங்கி, இந்த மருந்தும் வேண்டாம் நீங்களும் வேண்டாம் என்று நின்றவர்கள். அத்தனை பேரும் அந்தப் பச்சைத் தாளில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள். "சாரி ஆன்ட்டி" என்று அவள் அழுதாள். திட்ட வாயெடுத்தவள் விட்டுவிட்டேன். அவளுக்கு மேலே இருந்தவர்கள் சொன்னதைச் செய்தவள்தானே.

பழையதைச் சாப்பிட்டவர்களுக்குப் புதிய மருந்து தருகிற இரண்டாம் கட்டம் தொடங்கும் முன் புதிய தாள் வந்தது. மருந்தின் பலன் இருந்தது, முன்னே சொன்ன அளவுக்கு இல்லை. கீழே பொடி எழுத்தில் இல்லாமல் நடுவிலேயே ஒரு வரி: ஒருவர் ஈரல் பாதிப்பால் பதினோரு நாள் உள்நோயாளியாக இருந்தார், ஆகவே முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈரல் பரிசோதனை அவசியம். அந்த ஒருவர் நான். படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. ஒரு வரி எழுத வைக்க இவ்வளவு பாடா என்ற ஆத்திரத்தில்.

சாந்தாபாய் அக்கா மாத்திரையைத் தொடங்கினார். மூன்று மாதம் தாண்டி ஒரு மத்தியானம் போன்.

"ராணி, இன்னைக்கு ரத்தத்துல ஈரல் நம்பர் ஏறியிருக்காம்டி. கண்ணெல்லாம் வெள்ளையாத்தான் இருக்கு, ஒரு வாந்தி கிடையாது. ஆனா டாக்டர் உடனே நிறுத்திட்டாரு. இப்பவே கண்டுபிடிச்சதால படுக்க வேணாமாம். வீட்லதான் இருக்கேன், காலையில ரெண்டு புடவைக்கு ஃபால்ஸ் அடிச்சேன்." பிறகுதான் கேட்டார், "கை இனி பழையபடி மடங்காம ஆயிரும்ல?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆகும்க்கா" என்றேன்.

"ஆகட்டும் போ. நான் இருக்கேன்ல" என்றார்.

போனை வைத்ததும் முருகேசன் சொன்னார், "பாத்தியா, ஒன்னாலதேன் அவுக ஆஸ்பத்திரில படுக்காமத் தப்பிச்சாக. இனியாச்சும் அந்தக் கோவத்த எறக்கி வையி புள்ள."

இறக்க முடியவில்லை. இந்த மருந்து என்னிடம் வந்தபோது புத்தம் புதிதாக வரவில்லை. வேறு ஏதோ ஊரில், வேறு யாரோ எனக்கு முன்னால் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களை வைத்துத்தான் பெரிய தொந்தரவு எதுவும் இல்லை என்று எனக்குச் சொன்னார்கள். அங்கேயும் ஒருத்தி மஞ்சள் கண்ணோடு படுத்துக் கிடந்தாளா, அவளுக்கும் குணம் என்று எழுதி மூடிவிட்டார்களா? அப்படி ஒருத்தி இருந்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.